கள்ளந்திரி மடையும் நார்ப்பொடி டப்பாவும்

பெரியாறு பிரதானக் கால்வாய் பேரணையில் பிரிந்து கிழக்கே வந்து, அழகர்கோவில் சாலையைக் கள்ளந்திரியில் கடந்து மேலூர்ப் பக்கம் போகிறது. பாசனக் கணக்கில் கள்ளந்திரி ஒரு எல்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே ஒருபோகம். வைகையில் தண்ணீர் திறக்கும் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் இந்த ஊரின் பெயரும் கூடவே வரும். மற்றவர்களுக்கு அது பாசனச் செய்தி. மதுரையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்த எனக்கு அது வயிற்றுச் செய்தியும்கூட. எடை குறைய நார்ப்பொடி வேண்டும் என்று டப்பா கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய கதை இந்தக் கால்வாயில்தான் தொடங்குகிறது.

முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. பென்னிகுவிக் கட்டினார், மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. அதற்கு முன்னால் அழகர்மலைக்குத் தெற்கே கண்மாய்க்குக் கீழே கிடந்த நிலத்தில் மட்டும் நெல். மற்றதெல்லாம் மானாவாரி. வரகு, சாமை, கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலி. ஊடே கொள்ளும் மொச்சையும் தட்டைப்பயறும். எங்கள் அப்பத்தா பிறந்தது கள்ளந்திரிக்குக் கீழே, ஒருபோகப் பக்கத்துக் கிராமத்தில். அவளுடைய அம்மா காலத்தில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரைக்கும்தான். மற்ற நாளெல்லாம் காலையில் கம்மங்கூழ், ராத்திரி வரகுச்சோறு, தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல்.

கால்வாய் வந்ததும் நெல் வந்தது. நெல் வந்ததும் மற்றவை மெல்லப் பின்வாங்கின. இதை இழப்பு என்று இன்றைக்குப் பேசுகிறார்கள். அன்றைக்கு யாரும் அப்படி நினைக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது ஊரில் உயிரோடு இருந்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் வாழ்ந்து மீண்டவர்களுக்கு இளைப்பு என்றால் சாவின் வாசல். குண்டாயிருந்தால் மகராசன். எடையைக் குறைக்க ஒருவன் காசு கொடுத்து மருந்து வாங்குவான் என்று அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், "கிறுக்குப் பய" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போயிருப்பாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் கொள்ளைத் தின்றவர்கள் எல்லோரும் இளைத்தவர்களே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம். அதே அளவு கேப்பையில் 11.2 கிராம், கம்பில் 11.5 கிராம். உழைக்கிற ஆள் ஒரு நாளைக்கு 400 கிராம் தானியம் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப்பையில் 45 கிராம் நார் உள்ளே போகும். அரிசியில் 11 கிராம். இரண்டு தலைமுறைக்குள் எங்கள் பக்கத்துச் சட்டியிலிருந்து முக்கால் பங்கு நார் காணாமல் போனதை யாரும் பஞ்சாயத்தில் பேசவில்லை. அதற்கு அப்போது பேரே கிடையாது. சக்கை என்றுதான் சொல்லுவார்கள்.

கோவில் மட்டும் பழைய கையை விடவில்லை. அழகர்கோவில் பிரசாதம் சம்பா தோசை. பச்சரிசி, தோல் நீக்காத கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, சுட்டெடுக்க நெய். கனமாக, கருகலாக, மிளகு பல்லில் கடிபடும். குடியானவர்கள் தங்கள் வெள்ளாமையில் ஒரு பங்கை அழகருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவது இங்கே பழைய வழக்கம். அந்தத் தானியம்தான் தோசையாகித் திரும்பக் கைக்கு வரும். மலையைச் சுற்றியுள்ள குடியானவர்களும் இடையர்களும் அழகரோடு கொண்ட உறவைத் தொ. பரமசிவன் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக எழுதினார். 'அழகர் கோயில்' என்ற பெயரில் 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. மருந்தாளுநனாக என் கண் போவது உளுந்தின் தோல் மேல். முழுக் கறுப்பு உளுந்தில் 100 கிராமுக்கு 20.4 கிராம் நார். தோலை நீக்கி வெள்ளைப் பருப்பாக்கினால் 11.9. மதுரை இட்லிக்கடைகள் வெண்மைக்காகக் கழித்துவிட்டதைக் கோவில் மடப்பள்ளி கழிக்காமல் வைத்திருக்கிறது. இதற்காகச் சம்பா தோசையை மெலிவுணவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நெய் கணக்கை எழுதினால் பேனா வழுக்கும்.

கால்வாய்க்குப் பிறகு வந்தது ரைஸ்மில். உரலும் உலக்கையும் ஓய்ந்தன. இதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, வெளிநாட்டில் கணக்கும் பொருளாதாரமும் படித்து, காந்தியோடு சேர்ந்தவர். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். தீட்டாத கைக்குத்தல் அரிசியும் செக்கெண்ணெயும் வெல்லமும் அந்தச் சங்கத்தின் கொள்கைகள். கடைசிக் காலத்தை அவர் கழித்தது எங்கள் மாவட்டத்தில், தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். கைக்குத்தல் தொழிலைக் காப்பாற்ற 1958-ல் நாடாளுமன்றம் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டமே போட்டது. சட்டம் இருந்தது, உலக்கை இல்லை. இடித்த பெண்களின் தோள்வலியைக் கேட்டால் அதற்குக் காரணம் தெரியும். எங்கள் வீட்டில் மில்லில் அரைத்த அரிசி வந்த நாளை அம்மா கொண்டாடினாள் என்றே அப்பா சொல்லுவார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமரப்பாவின் வாதம் தவிட்டோடு போகிற வைட்டமினைப் பற்றியது, அரிசியைத் தீட்டித் தின்று பெரிபெரி வந்த காலம் அது. நாரைப் பற்றி அன்றைக்கு விஞ்ஞானமே பெரிதாகப் பேசவில்லை. உடம்பில் செரிக்காமல் வெளியே போவதற்கு என்ன மதிப்பு என்றுதான் நிபுணர்களும் நினைத்தார்கள். அந்த மதிப்பைத் தெரிந்துவைத்திருந்தது வேறோர் இடம்: நாட்டுமருந்துக் கடை.

அப்பாவின் கடை கீழமாசி வீதிப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. பலகை அடுக்கில் கடுக்காய், சுக்கு, திப்பிலி, நிலாவாரை என்று சாக்குச் சாக்காக இருக்கும். அதில் ஊறி வீங்குகிற சாமான் மூன்று. வடக்கேயிருந்து வருகிற இசப்கோல், கிழக்கேயிருந்து வருகிற கடற்பாசி, பிறகு பாதாம் பிசின். மூன்றையும் கேட்டு வருகிறவர்களின் பேச்சு ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, உடம்பு கொதிக்குது", "மூணு நாளா வெளிக்குப் போகலண்ணே", "மூலம் படுத்துது". சூடு, மலச்சிக்கல், மூலம். இந்த மூன்றுக்கும்தான் இவை. எடை என்ற பேச்சே அந்தக் கடையில் எழுந்ததில்லை.

இசப்கோல் குஜராத்துச் சரக்கு. உஞ்ஜா, சித்பூர் சந்தைகளில் விதையாக ஏலம் போகும். விதையின் மேல்தோலை மில்லில் உரித்தெடுத்தால் வெளிறிய உமி மாதிரி ஒன்று வரும். அதுதான் மருந்து. தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் கொழகொழவென்று ஊதிவிடும். உலகச் சந்தைக்கு இந்தியாதான் பெரிய உற்பத்தியாளர். அமெரிக்காதான் பெரிய வாடிக்கையாளர். சிகாகோவில் ஜி.டி. சியர்ல் கம்பெனி இதையே 1934-ல் மெட்டாமியூசில் என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தது. குமரப்பா நடத்திய சங்கம் தொடங்கிய அதே ஆண்டு. அங்கும் அது மலச்சிக்கலுக்கான மருந்தாகத்தான் விற்றது.

கடற்பாசியின் கதை இன்னும் நெருக்கமானது. அகர் என்ற பாசிக்கூழை உலகத்துக்கு விற்றுவந்தது ஜப்பான். இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து நின்றது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்க அகர் வேண்டும்; ஆகவே இந்திய விஞ்ஞானிகள் நம் கடற்கரைப் பாசிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் அமைந்தது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் அகர் எடுக்கிற முறையை அங்கே வகுத்தார்கள். 1960-களிலிருந்து வியாபாரத்துக்குப் பாசி எடுப்பது சூடுபிடித்தது. எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பார்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீக்காலஜி பரிசு கிடைத்தது. பாசி வளம் அழியாதபடி எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்ட பெண்களின் தலைவி அவர்.

அந்தப் பாசி காய்ந்து மூட்டையாக வந்து சேர்ந்த இடம் மதுரை. நாட்டின் அகர் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இந்த ஊரைச் சுற்றித்தான் வளர்ந்தன. ஊறவைத்து, வெளுத்து, வேகவைத்து, வடிகட்டி, உறையவிட்டு, உலர்த்தினால் கண்ணாடி மாதிரி இழை வரும். அகரில் பெரும்பகுதி செரிக்காத நார்தான். அதை மதுரைக்காரன் என்ன செய்தான்? பாலைச் சுண்டக் காய்ச்சி, நன்னாரி சர்பத் ஊற்றி, மேலே ஐஸ்கிரீம் வைத்து, அடியில் கடற்பாசியோ பாதாம் பிசினோ போட்டு ஜிகர்தண்டா என்று குடித்தான். விளக்குத்தூண் பக்கம் நின்று குடித்தவர் யாரும் அதில் நார் இருக்கிறது என்று குடிக்கவில்லை. அந்தக் கோப்பையில் இருக்கிற நார் யாருக்கும் ஒரு கிராம் எடையைக் குறைத்ததும் இல்லை.

நாருக்கு மரியாதை வந்தது 1970-களில். உகாண்டாவில் நெடுங்காலம் அறுவைச் சிகிச்சை செய்த டெனிஸ் பர்கிட், அங்கே கிராமத்து ஆட்களுக்கு மலச்சிக்கலும் மூலமும் குடல் புற்றுநோயும் அரிதாக இருப்பதைக் கண்டு, காரணம் அவர்கள் உண்ணும் முரட்டு உணவுதான் என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் சொன்னதெல்லாம் அப்படியே நிரூபணமாகவில்லை. ஆனால் சக்கை என்ற சொல் போய் நார்ச்சத்து என்ற சொல் வந்தது. வியாபாரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வயிற்றில் ஊதுகிற பொருள் பசியை அடக்கும், பசி அடங்கினால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் எடை குறையும் என்று மூன்று படிக்கட்டு கட்டினார்கள். காகிதத்தில் ஒவ்வொரு படியும் சரிதான். மனிதன் ஏறும்போதுதான் படி வழுக்குகிறது. பசி அரைமணி தள்ளிப்போகலாம், அடுத்த வேளை அதை ஈடுகட்டிவிடும்.

பெரிய அடி ஒன்று நம் கொத்தவரங்காய்ச் செடியினால் வந்தது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற குவார் கோந்து ராஜஸ்தான் சரக்கு. அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் அதை மாத்திரையாக்கி கால்-பான் 3000 என்ற பெயரில் மெலிவு மருந்தாக விற்றார்கள். மாத்திரை வயிற்றுக்குப் போகும் முன்பே தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தண்ணீர் குடித்து ஊதிக்கொண்டது. அடைப்பு ஏற்பட்ட 26 பேரின் விவரத்தை மருத்துவர்கள் 1992-ல் ஆய்விதழில் தொகுத்து எழுதினார்கள். 1990-லேயே அரசு அந்தச் சரக்கின் மேல் நடவடிக்கை எடுத்திருந்தது. மறு ஆண்டு எடைகுறைப்பு மாத்திரைகளில் குவார் கோந்தைச் சேர்ப்பதற்கே தடை வந்தது. இவ்வளவு ஆபத்துக்குப் பலனாவது இருந்ததா? பிட்லர், எர்ன்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் குவார் கோந்துச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வெறும் மாவு கொடுத்தவர்களுக்கும் இதைக் கொடுத்தவர்களுக்கும் எடையில் வித்தியாசம் 40 கிராம். ஒரு டம்ளர் காப்பியைவிடக் குறைவு.

அடுத்தது குளுக்கோமன்னான். ஜப்பானில் கொன்யாக்கு என்று சமைத்துத் தின்கிற கிழங்கின் மாவு. நம் கருணைக்கிழங்கின் இனம். ஆஸ்திரேலியாவில் 1980-களின் நடுவில் இதன் மாத்திரையும் உணவுக்குழாயை அடைத்து விற்பனையை இழந்தது. பொடியாகவும் கூட்டுச்சேர்க்கையாகவும் மறுபடி வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் இதற்கு ஒரு சான்று கொடுத்தது. ஒரு நாளைக்கு 3 கிராம், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஒரு கிராமாக, ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டால் எடை குறைய உதவும் என்று. டப்பாக்காரர்கள் முதல் பாதியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டால் என்ற பாதி பூதக்கண்ணாடிக்கு. 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் குளுக்கோமன்னானால் குறைந்த எடை சராசரி 220 கிராம். புள்ளியியல்படி அது கணக்கில் வராத அளவு.

எங்கள் ஊர் அகருக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 2005-ல் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், சர்க்கரை நோய் அல்லது அதன் தொடக்கநிலை உள்ள பருமனான 76 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் கட்டுப்படுத்திய சாப்பாடு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே அகர். 12 வாரத்தில் அகர் பிரிவு 2.8 கிலோ இறங்கியது, மற்றப் பிரிவு 1.3 கிலோ. அதே ஆண்டு ஜப்பான் கடைகளில் அகருக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ வித்தியாசம் பொய்யில்லை. ஆனால் அது பத்தியத்தோடு சேர்ந்து வந்த ஒன்றரைக் கிலோ.

எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட ஆய்வு 2020-ல் வந்தது. இசப்கோல், குவார், குளுக்கோமன்னான் போன்ற கூழாகிற நார்களை வைத்து நடந்த 62 சோதனைகள், 3,877 பேர். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் சராசரியாகக் குறைந்தது 330 கிராம். பூஜ்யமில்லை. ஆனால் அந்த 330 கிராமுக்காக எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள் மாதாமாதம் கொடுக்கிற காசை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

அப்படியானால் நார்ப்பொடி மோசடியா என்றால், அதுவும் இல்லை. மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்ல மருந்து, அப்பா காலத்திலும் இன்றைக்கும். கெட்ட கொழுப்பை ஓரளவு இறக்குகிறது. ஒரு நாளைக்கு 7 கிராம் கரையும் நார் கிடைக்கிற அளவு இசப்கோல் எடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று விளம்பரப்படுத்த 1998-லேயே அமெரிக்க அரசு அனுமதித்தது. சாப்பாட்டோடு எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். இவ்வளவும் குடலின் வேலை. இடுப்பின் வேலையை அதன் தலையில் கட்டியது வியாபாரம்.

கட்டியவர்கள் சட்டத்தையும் சுற்றி வருகிறார்கள். மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதன் அட்டவணையில் உடல்பருமனும் உண்டு. அதைக் குணமாக்குவேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். ஆகவே குணமாக்கும் என்று போடாமல், எடையைப் பராமரிக்க உதவும் என்று போட்டு, மருந்து இல்லை உணவுதான் என்று விற்கிறார்கள். இதைவிட மோசமானது கலப்படம். சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்து இதயத்தைக் கெடுக்கிறது என்று இந்தியாவில் 2011-ல் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் மூலிகை, இயற்கை என்று பேர் போட்ட மெலிவுப் பொடிகளில் அதைக் கலந்து விற்றது உலகம் முழுவதும் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. நார்ப்பொடி என்று வாங்கியதைச் சாப்பிட்டு ஒரே மாதத்தில் மளமளவென்று இளைத்து, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால், சந்தோஷப்படாதீர்கள். நாருக்கு அந்தச் சக்தி கிடையாது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் அப்பா சொன்னதை மிஞ்சி நான் படித்த படிப்பில் அதிகம் இல்லை. இசப்கோலைப் பொட்டலம் கட்டும்போதே சொல்லிவிடுவார்: "வறட்டுப்பொடியா வாயில கொட்டிக்காதீங்க. நிறையத் தண்ணியில கலக்கி உடனே குடிங்க. மேக்கொண்டு ஒரு செம்புத் தண்ணி. குடிச்சிட்டு அப்படியே படுக்கக் கூடாது." அமெரிக்க டப்பாவில் 1993-க்குப் பிறகு கட்டாயமாக அச்சிடச் சொன்ன எச்சரிக்கையும் இதேதான். போதிய தண்ணீர் இல்லாமல் எடுத்தால் தொண்டையையோ உணவுக்குழாயையோ அடைக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அவசரத்தில் இரண்டு கரண்டியை அப்படியே வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினார். நெஞ்சில் நின்றுவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை. குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள்.

அப்பாவுக்குத் தெரியாத சிலவற்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். அவர் காலத்தில் ஒரு வீட்டில் இவ்வளவு மாத்திரை கிடையாது. கூழ் தன்னோடு இருக்கிற மருந்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை, இதய மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரை எடுப்பவர்கள் பொடிக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், குடல் சுருக்கம் உள்ளவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிலருக்கு இசப்கோல் தூசி மூக்கில் ஏறினாலே ஆஸ்துமா வரும். முதல் நாளே முழு அளவு எடுத்தால் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சின்ன அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டவேண்டும். டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். ஆரஞ்சு வாசனையோடு வருகிற சிலவற்றில் நாருக்குத் துணையாக அதுவும் வருகிறது.

கம்புக்கும் கேப்பைக்கும் திரும்பினால் அப்பத்தா மாதிரி ஒல்லியாகிவிடலாம் என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பத்தா ஒல்லியாக இருந்தது கேப்பையினால் மட்டும் இல்லை. விடிகாலையில் எழுந்து கண்மாயில் தண்ணீர் சுமந்து, களையெடுத்து, கதிரறுத்து, சாயங்காலம் உரலில் நின்றாள். பல ராத்திரி அவள் தட்டில் பிள்ளைகளுக்குப் போட்ட மிச்சம்தான். அந்த உழைப்பும் இல்லாமல், அந்தப் பட்டினியும் இல்லாமல், கேப்பை தோசையில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால் கேப்பை என்ன செய்யும்?

ஆகவே என் தீர்ப்பு இது. நார்ப்பொடி குடலுக்கு நண்பன், எடைக்கு வெறும் சாட்சி. மலச்சிக்கலுக்கோ கொழுப்புக்கோ டாக்டர் சொன்னால் தாராளமாக எடுங்கள், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். எடைக்கென்றால், டப்பாவுக்கு ஒதுக்கிய காசில் தோலோடு உளுந்தும் பாசிப்பயறும் கீரையும் கொய்யாவும் வாங்குங்கள், தட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை இரண்டு கரண்டி கூட்டுங்கள், தினமும் நடங்கள். மாத்திரை வடிவத்தில் ஊதுகிற எதையும் கடையில் யார் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். சொல்பவர் என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆளாக இருந்தாலும் சரி.